பகலில் எழுப்ப வேண்டாம்

நவம்பர் 4

அன்புள்ள இடி அக்காவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? அத்தானுக்கு இருமல் விட்டதா? முதலில் இதற்குப் பதில் எழுது, மற்ற கதையெல்லாம் பிறகு.

என்னை நைட் ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். குளிர்காலம் முடிகிறவரை அதுதான். இத்தனை நாள் டெப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்தவன், இனி பஸ்ஸை எழுப்புகிறவன். சிரிக்காதே, எங்கள் ஃபோர்மேன் அப்படித்தான் சொல்கிறார். இந்தக் குளிரில் வெட்டவெளியில் நிற்கும் பஸ்ஸை ராத்திரி முழுக்கச் சும்மா விட்டால் டீசல் இறுகிவிடும், காலையில் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் கிளம்பாது. அதனால் வரிசையாக ஒவ்வொன்றிலும் ஏறி, இன்ஜினைக் கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். கடைசி பஸ்ஸுக்கு வருவதற்குள் முதல் பஸ் ஆறிப்போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து. "தூங்க விட்டா செத்துப்போயிடும்டா, எழுப்பிக்கிட்டே இரு" என்பார்.

வீடும் மாறிவிட்டேன். இங்கே குடியிருக்கிற எல்லாருமே ராத்திரி வேலைக்காரர்கள். ரொட்டி ஃபாக்டரி ஆள் ஒருவர், ஆஸ்பத்திரி வாட்ச்மேன் ஒருவர், இப்படி. பகலில் சன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி, நடப்பதெல்லாம் நுனிக்காலில். அப்பா காலத்து நம் வீடேதான். வீட்டுக்காரம்மா பகலில் வேலைக்குப் போய்விடுவார். நடையில் ஒரு போன் இருக்கிறது, நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் பகலில் யாரும் கூப்பிடக்கூடாது. உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் விடாமல் அடிக்க விட வேண்டும், யாராவது எழுந்துபோய் எடுப்பார்கள். ஒரு தரம் அடித்து நின்றுவிட்டால் ராங் நம்பர், யாரும் அசையக்கூடாது. இது வீட்டுக்காரம்மா போட்ட சட்டம்.

தூக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. படுத்தால் கட்டைதான் என்று அம்மாவிடம் சொல்.

உன் தம்பி,
பூனை

நவம்பர் 17

அன்புள்ள பூனைக்கு,

கடிதம் வந்தது. நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அத்தான் இருமல் போய், இப்போது குறட்டை. அம்மாவுக்கு வீக்கம் கொஞ்சம் இருக்கிறது. டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார், உப்பைக் குறைக்கச் சொன்னார், மாடிப்படி ஏறக்கூடாது என்றார். இருதயம் கொஞ்சம் களைத்திருக்கிறதாம். பயப்பட ஒன்றுமில்லை.

அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாததால் உன் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன், மூன்று தரம். நைட் ஷிஃப்ட் என்றதும் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பன் மாதிரியே ஆயிட்டானா" என்றாள். பிறகு அந்தப் பழைய கதையெல்லாம் வந்தது. அப்பா கிடங்கு வாட்ச்மேனாக இருந்த காலத்தில் ஒற்றை அறையில் அவர் ஒரு மூலையில் தூங்க, நாம் இன்னொரு மூலையில் வாய் மேல் விரல் வைத்து உட்கார்ந்திருப்போமே. பாத்திரம் கூடத் துணி விரித்துத்தான் வைப்பாள். நீ சத்தமில்லாமல் நடந்து பூனை ஆனாய். எனக்கு அது வரவே இல்லை, எதையாவது உருட்டி உதை வாங்கி இடி ஆனேன். முப்பது வயது தாண்டியும் அந்தப் பட்டம் போகவில்லை பார்.

போன் நம்பரைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டச் சொன்னாள். ஒட்டியதும் என்ன சொன்னாள் தெரியுமா? "பகல்ல இதைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன். ராத்திரி முழிக்கிறவனுக்குப் பகல்தான்டி ராத்திரி." நமக்குத்தான் போனே இல்லை, பக்கத்து மருந்துக்கடையில் போய்த்தான் பேச வேண்டும், அதற்கே இந்த மிரட்டல்.

காதை மூடிக் குல்லா போடு. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

டிசம்பர் 8

அக்காவுக்கு,

அங்கே எல்லாரும் சௌக்கியமாக இருப்பீர்கள். நானும் அப்படியே. அம்மாவின் இருதயம் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் பழங்கதைக்குத் தாவிவிட்டாய். களைத்திருக்கிறது என்றால் எவ்வளவு? நான் வந்து பார்க்கட்டுமா? ஃபோர்மேனிடம் கேட்டேன். மார்ச் கடைசியில் பனி விட்டதும் தாராளமாகப் போ, அதற்கு முன்னால் ஆள் கிடையாது என்கிறார். நீ ஒரு வார்த்தை சொன்னால் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

குளிர் ஏறிவிட்டது. சாவியை வெறுங்கையால் தொட்டால் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. பஸ்களுக்கு நானே பெயர் வைத்திருக்கிறேன். ஒன்று உதைத்தால்தான் கிளம்பும், அதற்கு உன் பட்டப்பெயர். இன்னொன்று தொட்டாலே முனகும், அது அத்தான்.

எதிர்வீட்டு மாடியில் ஒரு அம்மாள் துவைத்த துணியைக் கொடியில் போடுகிறார். கொஞ்ச நேரத்தில் சட்டையெல்லாம் பலகை மாதிரி விறைத்துவிடும். அவற்றை இரண்டாக மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போவார். அதற்குள் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டே வருவார்கள். பக்கத்து அறை ரொட்டிக்காரர் தூக்கத்தில் யாரையோ திட்டுவார். பிறகு தபால்காரர். நல்ல தெரு, பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அம்மாவை மூச்சு வாங்க நடக்கவிடாதே.

பூனை

டிசம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். நீ வர வேண்டாம். அம்மாவின் வார்த்தை இது, என் வார்த்தை இல்லை. "பாதியில விட்டுட்டு வந்தா அடுத்த வருஷம் யார் வேலை தருவா? பனி முடியட்டும், வந்து ஒரு மாசம் என் பக்கத்துலயே உட்காரட்டும்" என்கிறாள். கட்டிலை முன்னறை சன்னலோரம் போட்டுவிட்டோம். தெரு தெரியுமே என்றுதான். பின்னறையிலிருந்து நடந்து வருவது அவளுக்குச் சிரமமாக இருந்தது என்பதும் ஒரு காரணம்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. எதிர்வீட்டு அம்மாள் துணி காயப்போடுவது, பிள்ளைகள் வருவது, தபால்காரர் வருவது எல்லாவற்றையும் பார்க்கிறாய். படுத்தால் கட்டை என்கிறாய். கட்டைக்குக் கண் உண்டா?

அம்மாவிடம் அந்தப் பகுதியைப் படிக்கவில்லை.

அக்கா

ஜனவரி 6

அக்காவுக்கு,

எல்லாரும் நலமா? உனக்குப் போலீசில் வேலை கிடைத்திருக்க வேண்டும். அது என் விடுமுறை நாளில் பார்த்தது. மற்ற நாளெல்லாம் காலையில் வந்து விழுந்தால் சாயங்காலம் ரொட்டிக்காரர் வந்து உலுக்கினால்தான் எழுகிறேன். நம்பு.

அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். வீக்கத்துக்கு இறுக்கக்கூடாது என்று பெரிய அளவாகப் பார்த்து வாங்கினேன். கடைக்காரி "உங்க அப்பாவுக்கா?" என்று கேட்டாள். அம்மாவிடம் சொல், சிரிப்பாள்.

இதைப் படித்துக் காட்டாதே. போன வாரம் ஒரு பஸ்ஸில் ஏறி இன்ஜினைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்தவன் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டேன். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. கண் விழித்தபோது ஒரு வரிசை முழுக்க ஆறிக் கிடந்தது. காலையில் அதில் நாலு பஸ் கிளம்பவில்லை. வேலைக்குப் போகிற சனம் நிறுத்தத்தில் பனியில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறது. ஃபோர்மேன் கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. "பகல்ல தூங்குறியா இல்லையா நீ?" என்று மட்டும் கேட்டார். தூங்குகிறேன் என்றேன்.

பூனை

ஜனவரி 23

அன்புள்ள பூனைக்கு,

காலுறை வந்த அன்றே போட்டுக்கொண்டாள். கழற்ற மாட்டேன் என்கிறாள், துவைக்கக்கூடக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. "யானைக்கு வாங்கியிருக்கான்" என்று கேலி வேறு. உன் உடம்பைப் பார்த்துக்கொள். அந்த நாலு பஸ் விஷயத்தை அத்தானிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒளிப்பதில் பிரயோசனம் இல்லை, எழுதிவிடுகிறேன். அம்மாவால் படுத்துத் தூங்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தேதான் இருக்கிறாள். ராத்திரி நான் எழுந்து பார்த்தால் கண்ணைத் திறந்துகொண்டு இருக்கிறாள். "இப்ப எந்த பஸ்ஸை எழுப்பிக்கிட்டு இருக்கானோ" என்பாள். "அந்த இடி பஸ்ஸு கிளம்பிச்சோ என்னவோ" என்பாள். நீ முழித்திருக்கிற நேரம் முழுக்க அவளும் உன்னோடு முழித்திருக்கிறாள்.

உன் குரலைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். வாய் திறந்து கேட்டது இந்த ஒன்றைத்தான். அவளால் மருந்துக்கடைவரை நடக்க முடியாது. மருந்துக்கடைக்காரர் தங்கமான மனிதர். நீளமான ஒயர் வாங்கி, போனை எங்கள் சன்னல் வழியாகக் கட்டிலுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். பிப்ரவரி முதல் ஞாயிறு சாயங்காலம், நீ தூங்கி எழுந்திருக்கும் நேரம், நாங்கள் கூப்பிடுகிறோம். போன் பக்கத்திலேயே நில்.

அக்கா

பிப்ரவரி 5

அக்காவுக்கு,

அம்மா எப்படி இருக்கிறாள்? என் மேல் கோபமா? இருந்தால் நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே சட்டை மாற்றிக்கொண்டு நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து டெப்போ வண்டி வந்து வாசலில் நிற்கிறது. பெரிய பனி, வழியெல்லாம் பஸ் மாட்டிக்கொண்டது, இருக்கிற ஆள் எல்லாம் மண்வெட்டியோடு வா என்று அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ரொட்டிக்காரர்தான் உங்கள் போனை எடுத்திருக்கிறார். "உங்கம்மா ரொம்ப மெதுவாப் பேசுனாங்க. பிள்ளை நல்லாத் தூங்குறானான்னு கேட்டாங்க. நல்லாத் தூங்குறான்னு சொன்னேன்" என்றார். அவருக்கு நன்றி சொன்னேன்.

வரும் ஞாயிறு கட்டாயம். இந்த முறை டெப்போவே தீப்பிடித்தாலும் நகர மாட்டேன். ஃபோர்மேனிடம் அம்மா விஷயத்தையும் சொல்லிவிட்டேன். மாதக் கடைசிக்குள் ஒரு ஆளைப் பிடித்துத் தந்தால் போகலாம் என்றிருக்கிறார். நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை அம்மா தைரியமாக இருக்கட்டும்.

பூனை

பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன்.

அன்று சாயங்காலம் போனில் சொன்னது பாதிதான். நீ "எப்ப?" என்று கேட்டாய். மத்தியானம் தாண்டி என்றேன். உடனே போனை வைத்துவிட்டாய். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். ரயிலெல்லாம் பனியில் நின்றுபோய் நீ வர முடியாமல் ஆனது உன் தப்பு இல்லை. இரண்டு ராத்திரி ஸ்டேஷன் பெஞ்சிலேயே இருந்தாயாமே, ரொட்டிக்காரர் போனில் சொன்னார். நடக்க வேண்டியதை எல்லாம் அத்தான் முன்னால் நின்று நடத்தினார். ஒரு குறையும் வைக்கவில்லை.

நீ பேசுவதாக எழுதின ஞாயிறுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது, அன்று காலையிலிருந்தே அம்மாவுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். நான் நேரே மருந்துக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கூட்டத்தை நிற்க வைத்துவிட்டு ஒயரை இழுத்துக்கொண்டு வந்து கட்டிலில் போனை வைத்தார். உனக்குப் போன் போடப் போனேன். அம்மா விடவில்லை. "மணி என்னடி இப்ப? மத்தியானம். அவன் தூங்கட்டும். சாயங்காலம் எழுந்ததும் பேசிக்கிறேன்" என்றாள். நான் சண்டை போட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அந்தப் பிடியில் பலமே இல்லை. இருந்தும் நான் விட்டுவிட்டேன்.

வெந்நீர் கொண்டுவர உள்ளே போனேன். திரும்பி வந்தபோது சன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். தெருவைப் பார்க்கிறாள் என்று நினைத்து, டம்ளரோடு கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தேன்.

காலுறையைக் கழற்றவில்லை. அதோடுதான் அனுப்பினோம்.

அக்கா

மார்ச் 14

தம்பி,

ஒரு வரி போடு. திட்டி எழுதினாலும் சரி. நைட் ஷிஃப்டுக்கு இன்னும் போகிறாயா? ஏதாவது வாயில் போடுகிறாயா? அத்தான் தினமும் தபால்காரரைத் தெருமுனைக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

எனக்கும் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்தப் போன்தான் தெரிகிறது. அம்மா என்ன சொன்னாலும் நான் கேட்டிருக்கக் கூடாது. பிறந்ததிலிருந்து அவள் பேச்சை ஒரு நாளும் கேட்காதவள், அன்று மட்டும் ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. உன்னை எழுப்பியிருந்தால் "அம்மா" என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பாய். அது அவள் காதில் விழுந்திருக்கும்.

நீ என்னை மன்னித்தேன் என்று எழுத வேண்டாம். இருக்கிறேன் என்று மட்டும் எழுது.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இருக்கிறேன். சாப்பிடுகிறேன். உன் மேல் எனக்கு என்ன கோபம்? கை ஓடவில்லை, அதனால்தான் எழுதவில்லை. அத்தானை வெயிலில் அலையவிடாதே.

நீ மனதைப் போட்டு வதைத்துக்கொள்ளாதே. அம்மா செய்ததுதான் சரி. அன்று எனக்கு முந்தின ராத்திரி வேலை முதுகை முறித்துவிட்டது, வந்து விழுந்தவன் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டேன். ஒரு தரம் அடித்து நின்ற மணிக்கெல்லாம் எழுகிற ஆளா நான்? என் காதில் விழவே இல்லை. ரொட்டிக்காரருக்கும் விழவில்லையாம். அதனால் நீ எழுப்பியிருந்தாலும் நான் எழுந்திருப்பேனா என்பதே சந்தேகம். அதை நினைத்து நிம்மதியாகத் தூங்கு.

பனி விட்டுவிட்டது. பஸ்களை எழுப்ப இனி ஆள் தேவையில்லை, பகல் ஷிஃப்டுக்கு வா என்றார் ஃபோர்மேன். ராத்திரியிலேயே கூட்டிப் பெருக்குகிற வேலை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பழகிவிட்டது. வீட்டில் அறை மட்டும் மாற்றிக்கொண்டேன். நடையில், போனுக்கு ஒட்டினாற்போல ஒரு சின்ன அறை இருந்தது. வெளிச்சம் வராது, காற்றும் வராது. யாருக்கும் வேண்டாத அறை, எனக்குப் போதும்.

ஊருக்கு வர இப்போது மனமில்லை. கட்டிலை அங்கேயே போட்டிருக்கிறாயா, எடுத்துவிட்டாயா?

உன் தம்பி,
பூனை

ஏப்ரல் 7

அன்புள்ள என் பூனைக்கு,

நான் நன்றாக இல்லை. நீயும் நன்றாக இல்லை. இந்த ஒரு தடவையாவது உண்மையில் ஆரம்பிப்போம்.

உன் கடிதத்தைப் படித்தேன். மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். பாதியில் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து மறுபடி எடுத்துப் படித்தேன். பிறகு நான் எழுதின கடிதத்தை வரி வரியாக யோசித்துப் பார்த்தேன். போன் போடப் போனேன், அம்மா விடவில்லை, இவ்வளவுதான்டா எழுதினேன். மணி அடித்தது என்று நான் எழுதவே இல்லை. அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு தரம் அடித்து நின்றது என்று உனக்கு யார் சொன்னார்கள்?

அடித்தது உண்மை. நம்பரைச் சுற்றிவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு தரம் மணி போனது, அதற்குள் அம்மா விரலை வைத்து அழுத்திவிட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லவேளை, ஒரு தரம்தான் அடிச்சுது. முழிச்சிருக்க மாட்டான்" என்றாள். உன் தூக்கம் கலையவில்லை என்ற சந்தோஷம் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. நீ கேட்டால் துடித்துப்போவாய் என்றுதான் மறைத்தேன். அந்த நேரம் நீ அந்தப் பக்கம் எழுந்து உட்கார்ந்து, இன்னொரு தரம் அடிக்காதா என்று இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறாய். ராங் நம்பர், யாரும் அசையக்கூடாது. பாவி, நீ ஒரு நாளும் தூங்கவே இல்லையா? நவம்பரிலிருந்தா?

நேற்று முழுக்க அழுதேன். அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். உனக்கு நாங்கள் தூக்கம் கொடுத்தோம், எங்களுக்கு நீ தூங்குகிறேன் என்ற பொய்யைக் கொடுத்தாய். நடுவில் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். யாரைப் போய்த் திட்டுவது சொல்.

இனி எனக்குத் தூங்குகிறேன் என்று எழுதாதே. போனுக்கு ஒட்டின அறைக்கு எதற்கு மாறினாய் என்பதும் எனக்குத் தெரியும். கட்டிலை எடுக்கவில்லை. மருந்துக்கடைக்காரரும் ஒயரைத் திரும்பக் கேட்கவில்லை, சன்னலிலேயே சுருண்டு கிடக்கிறது. வரும் ஞாயிறு, மத்தியானம், சரியாக நீங்கள் எல்லாரும் படுத்திருக்கிற நேரம், அம்மா கட்டிலில் உட்கார்ந்து உனக்குப் போன் போடப்போகிறேன். வீட்டுக்காரம்மா சட்டம் எனக்குத் தெரியாது. ரொட்டிக்காரர் எழுந்து என்னைத் திட்டட்டும், அந்தத் தெருவே எழுந்து திட்டட்டும். நீ எடுக்கிறவரை நான் நிறுத்த மாட்டேன்.

எழுந்து வந்து எடுடா.

இடி